போன் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் அதில் 22 பேரின் ஆதார் இருந்தது. என்ன செய்வது?

கம்பமெட்டு_ஜீப் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கம்பத்திலிருந்து கம்பமெட்டு ஏறி, கேரளாவில் வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் என்னுடையது. காய் எடுக்கப் போகிற அக்காமார் 22 பேர், முன்னே பின்னே ஒன்றிரண்டு மாறும்.

போன திங்கள் சாயங்காலம் மலை இறங்கி வந்த பிறகு பார்த்தால் போனைக் காணோம். எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று சிம்மைக்கூட நிறுத்தாமல் இருந்தேன். அது என் மடத்தனம், திட்டுவதற்கு வரிசையில் வரவேண்டாம், என் வீட்டுக்காரி ஏற்கெனவே முடித்துவிட்டாள். புதன்கிழமை காலையில் நாங்கள் நிறுத்துகிற டீக்கடையில் யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடி உடையவில்லை, பேட்டர்ன் லாக் போட்டது போட்டபடி இருந்தது. கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது. முதல் இடத்தில் இருந்த சிம் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறந்தால், உங்கள் எண் இந்தப் போனில் பதிவில் இல்லை என்கிறது. மறுபடி பதிந்து உள்ளே போனால், எங்கள் ஜீப் குரூப்பில் செவ்வாய் ராத்திரி என் பெயரில் ஒரு செய்தி: "அவசரம், 1,500 அனுப்புங்க, காலைல தரேன்". போன் தொலைந்த விஷயத்தைச் செவ்வாய் காலையே ஜீப்பில் சொல்லியிருந்ததால் யாரும் ஏமாறவில்லை. அன்றைக்கு லீவு போட்டிருந்த ஒரு அக்கா மட்டும் அனுப்பிவிட்டது. அந்தப் பணத்தை நான் கொடுத்துவிட்டேன்.

என் கேள்வி பணத்தைப் பற்றி இல்லை. கொரோனா சமயம் கேரளாவுக்குள் போக பாஸ் எடுக்க வேண்டியிருந்ததே, அப்போது எல்லாருடைய ஆதாரையும் போட்டோ எடுத்து வைத்தேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டார் என்று பாஸ்புக் முதல் பக்கமும் எடுத்து வைத்தேன். எல்லாம் கேலரியில் அப்படியே கிடக்கிறது. பேட்டர்ன் இருந்ததால் அதையெல்லாம் பார்த்திருக்க முடியாதுதானே?

---

குமுளி_செல்கடை

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. போட்டோ எல்லாம் போனுக்குள்ளேயா, மெமரி கார்டிலா?

---

கம்பமெட்டு_ஜீப்

பையனைக் கேட்டேன். இடம் நிறைந்துவிட்டது என்று போன வருடம் எல்லாவற்றையும் 32 ஜிபி கார்டுக்கு மாற்றினானாம். ஏன் கேட்கிறீர்கள்?

---

குமுளி_செல்கடை

அப்படியென்றால் பேட்டர்னைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

குமுளியில் பத்து வருடமாக செல்போன் பழுது பார்க்கிறேன். இதை ஜனங்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. ஆண்ட்ராய்டு 10 உடன் கடைக்கு வந்த போன்களில் தொடங்கி, உள் நினைவகத்தில் இருப்பதெல்லாம் சங்கேதமாக மாற்றித்தான் வைக்கப்படுகிறது. அதற்குச் சாவி உங்கள் பின்னோ பேட்டர்னோதான். போனைப் பிரித்து சிப்பைக் கழற்றினாலும் உள்ளே குப்பைதான் தெரியும். அதிலும் போனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, முதல்முறை பின் அடிக்கும் வரை அதுதான் ரொம்பப் பத்திரமான நிலை. அந்த முதல் தடவை கைரேகைகூட எடுக்காது, கவனித்திருப்பீர்கள். காரணம் அதுதான்.

மெமரி கார்டு அப்படி இல்லை. நாமாக சங்கேதமாக்கச் சொன்னால் ஒழிய அது வெறும் பை. சிம் டிரேயை ஊசியால் குத்தி வெளியே இழுத்தாலே கார்டும் கூடவே வரும். வேறு போனில் போட்டால் உங்கள் 22 பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள். உங்கள் சிம்மை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றால் அதே டிரேயில் இருந்த கார்டும் அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. பார்த்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்திருக்க முடியாது என்று சொல்ல என்னால் ஆகாது.

வாட்ஸ்அப் கதையும் அதே டிரே கதைதான். சிம்மை வேறு போனில் போட்டு, உங்கள் எண்ணைக் கொடுத்து, வந்த ஓடிபியை அடித்திருப்பார்கள். பழைய உரையாடல்கள் அங்கே போகாது. குரூப் போகும், அது போதுமே.

---

உத்தமபாளையம்_டீச்சர்

செல்கடைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அண்ணன் இன்னும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது.

கையில் சிம் இருந்தால் ஓடிபி வரும். ஆதார் படமும் இருந்தால் எண் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளுடையதாக ஒரே கைக்குக் கிடைத்தால், யுபிஐக்குப் புதிதாக பின் போடுவதற்குக்கூட வழி இருக்கிறது. டெபிட் கார்டு இல்லாதவர்களுக்காக, ஆதாரின் முதல் ஆறு எண்ணையும் ஓடிபியையும் வைத்து பின் அமைக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லதுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பூட்டையும் சாவியையும் ஒரே மடியில் கட்டி வைக்கிற ஆளுக்கு அதுவே வினை. உங்கள் சொந்த ஆதாரும் அந்தக் கார்டில் இருந்ததா? இருந்திருந்தால் முதலில் வங்கிக்குப் போய்ப் பாருங்கள்.

மற்ற அக்காக்களுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. அவர்களுடைய சிம் அவர்கள் கையில்தானே இருந்தது.

---

கம்பமெட்டு_ஜீப்

டீச்சர், கை நடுங்குகிறது. நாலு அக்காக்கள் போன் இல்லாத காலத்தில் ஆதாரில் என் நம்பரைத்தான் கொடுத்தார்கள். நான்தான் "என் நம்பரைப் போடுங்கக்கா" என்றேன்.

---

தோட்டக்காரி_மகள்

இத்தனை நாள் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாவும் காய் எடுக்கத்தான் போகிறாள், கூடலூரிலிருந்து. ஜீப் அண்ணே, உங்கள் ஜீப் இல்லை, ஆனால் எல்லா ஜீப்பும் ஒன்றுதான். அம்மாவின் ஆதார் எத்தனை பேர் போனில் இருக்கிறது என்று நேற்று ராத்திரி அவளோடு உட்கார்ந்து எண்ணினேன். ஜீப் ஓட்டுகிறவர், கங்காணி, கணக்கப்பிள்ளை, குழுக் கடன் கொடுக்க வந்த பையன், ஜெராக்ஸ் கடை, சிம் விற்ற குடைக்காரர், கேஸ் மானியத்துக்கு என்று ஒருத்தர். ஏழு வரை எண்ணினோம். ஒருத்தராவது வேலை முடிந்ததும் "அழித்துவிட்டேன் அக்கா" என்று சொன்னதுண்டா என்று கேட்டேன். அம்மா சிரித்தாள்.

அவளிடம் இருப்பது சின்ன பட்டன் போன். அதில் திருட எதுவும் இல்லை. அவள் விஷயம் எல்லாம் மற்றவர்கள் போனில்தான் இருக்கிறது. பின் போடு, கைரேகை போடு என்று நீங்கள் சொல்வதெல்லாம் போன் வைத்திருப்பவருக்கு. போனுக்குள் இருக்கிறவர் என்ன செய்வது? பேட்டர்ன் போடாதது அவள் தப்பா?

ஆம்பளை அவசரத்துக்கு உதவினார் என்று எல்லாரும் சொல்வார்கள். உதவிதான், மறுக்கவில்லை. உதவி முடிந்து ஐந்து வருடமாகியும் படம் எதற்கு?

---

கம்பமெட்டு_ஜீப்

தங்கச்சி, நீ சொல்வதில் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. மறந்துபோய் வைத்திருந்தேன். மறந்து வைத்திருந்தது இன்னும் மோசம் என்று இப்போது படுகிறது.

---

சும்மா_வர்றேன்

ஆளாளுக்குப் பயமுறுத்துகிறீர்கள். ஆதார் நம்பர் ஊர் பூராவும் கொடுத்தாச்சு. லாட்ஜில் கொடுக்கிறோம், பஸ் பாஸுக்குக் கொடுக்கிறோம். நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு எவனும் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அரசாங்கமே அப்படித்தான் சொல்கிறது.

---

உத்தமபாளையம்_டீச்சர்

பாதி உண்மை. எண்ணை மட்டும் வைத்து எடுக்க முடியாது, சரி. அரசாங்கம் என்ன சொல்கிறது என்பதில் அரசாங்கத்துக்கே ஒரு தடுமாற்றம் இருந்தது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: நகலை எல்லாருக்கும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று. தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அறிவிப்புதான் போனது, மறைத்த ஆதார் போகவில்லை. இன்றைக்கும் ஆதார் இணையதளத்தில் இறக்கும்போது அந்த வசதி உண்டு. முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். லாட்ஜுக்கும் ஜீப்புக்கும் அது போதும்.

இறக்குகிற அந்த பிடிஎஃப்-க்கு ஒரு கடவுச்சொல் உண்டு என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும், அவ்வளவுதான். உங்களைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். அதைப் பூட்டு என்று எண்ணாதீர்கள், கொண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

தோட்டக்காரி_மகள்

கைரேகையைப் பூட்டிவிடலாம் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். ஆதார் ஆப்பில் அதற்கு வசதி இருக்கிறது, உண்மைதான். அம்மாவுக்குச் செய்து பார்த்தேன். அந்த மாதம் ரேஷன் கடையில் விரல் வைத்தால் எடுக்கவில்லை. அம்மா வரிசையில் நிற்க, நான் கல்லூரியிலிருந்து போனில் திறந்துவிட வேண்டியதாகிவிட்டது. ஊருக்கு வருகிற பேங்க் மிஷின்காரரிடம் விரல் வைத்துப் பணம் எடுப்பதற்கும் அதே கதை.

ஏலச் செடியில் கிடந்து கிடந்து அவள் விரல் ரேகையே பாதி இல்லை. பூட்டாத நாளிலேயே நாலு விரல் மாற்றி மாற்றி வைத்துத்தான் எடுக்கும். பத்திரம் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

---

ஏலக்காய்_வியாபாரி

எல்லாரும் சின்னவர்கள், ஒரு பெரிசு இடையில் வருகிறேன். போடியிலும் புத்தடியிலும் ஏலத்துக்குப் போய்வருகிற ஆள் நான். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஏலம், அது வேறு கதை.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கொச்சியில் ஒரு கூட்டாளி எனக்குப் பாம் (Palm) என்று ஒரு கையடக்கக் கருவி வாங்கிக் கொடுத்தார். குச்சியால் எழுத வேண்டும். கணக்கு எண், கடன்காரர் பெயர், யார் யாருக்கு என்ன விலை சொன்னேன் என்பது வரை அதில்தான் ஏற்றினேன். ரகசியமான பதிவுகளை மறைத்து வைக்க அதில் ஒரு வசதி இருந்தது, கடவுச்சொல் போட்டால்தான் தெரியும். நானும் பெட்டிக்குள் பெட்டி என்று நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர்க்காரப் பையன் சொன்னான், "ஐயா, இது மறைக்கத்தான் மறைக்கிறது, பூட்டவில்லை. எழுத்து உள்ளே அப்படியேதான் இருக்கிறது." அது போக, பேட்டரி சுத்தமாகத் தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். எனக்கு ஒரு தடவை அழிந்தது. அந்த வருடக் கணக்கை நேர் பண்ண நான் பட்ட பாடு போதும்.

அன்றிலிருந்து நோட்டுதான். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, பீரோவில். எந்த ஹேக்கர் கம்பம் வந்து என் பீரோவைத் திறப்பான்?

---

குமுளி_செல்கடை

ஐயா, நோட்டை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு பீரோவில் இருக்கிற நோட்டு நிஜமாகவே நல்ல இடம். வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகாத வரை.

ஆனால் மறைப்பது வேறு, பூட்டுவது வேறு என்றீர்களே, அதை என் கடை வாசலில் எழுதித் தொங்கவிடலாம் போலிருக்கிறது. இன்றைக்கும் அதே ஏமாற்றுதான். கால்குலேட்டர் மாதிரி இருக்கும், எண்ணை அடித்தால் உள்ளே ரகசிய ஆல்பம் திறக்கும் என்று ஆப்புகள் வருகின்றன. பலவற்றில் படங்களைப் பெயர் மாற்றி வேறொரு ஃபோல்டரில் ஒளித்து வைப்பதோடு சரி. கம்ப்யூட்டரில் சொருகினால் எல்லாம் தெரியும். ஆப்பை அழித்தால் சிலதில் படமும் சேர்ந்து போய்விடும். இரண்டு கல்யாணப் பிரச்சினை என் மேசையிலேயே வெடித்திருக்கிறது, மேற்கொண்டு கேட்காதீர்கள்.

உண்மையான பூட்டு வேண்டுமானால் சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர் இருக்கிறது, மற்ற ஆண்ட்ராய்டுகளில் கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பில் சேஃப் ஃபோல்டர் இருக்கிறது. சேஃப் ஃபோல்டர் பின்னை மறந்துவிட்டால் கூகுளே நினைத்தாலும் திறந்து தர முடியாது. சிலர் அதைக் குறை என்கிறார்கள். எனக்கு அதுதான் நம்பிக்கையே. திறந்து தர ஒருத்தனால் முடியும் என்றால் அந்த ஒருத்தன் யார் என்று நான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

---

பெரியாறு_தண்ணி

ஐபோனில் இந்தத் தொல்லை எல்லாம் கிடையாதே? மெமரி கார்டே இல்லை.

---

குமுளி_செல்கடை

கார்டுத் தொல்லை இல்லை. சிம் தொல்லை உண்டு. அதுவும் பத்துத் தடவை தப்பாக அடித்தால் அழிந்துபோகும்படி வைத்துவிட்டு, குழந்தை கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு.

---

கம்பமெட்டு_ஜீப்

சரி, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? ஒருவர் சொன்னால் போதும், நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் எனக்கு ஓடாது.

---

குமுளி_செல்கடை

நான் சொல்கிறேன். தப்பிருந்தால் டீச்சர் திருத்தட்டும்.

முதலில் அந்தக் கார்டு. அழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அழித்த படத்தை மீட்டெடுக்க இலவச மென்பொருளே இருக்கிறது, நானே வாரம் ஒன்று மீட்டுக் கொடுக்கிறேன். வேண்டிய குடும்பப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டைக் குறடால் உடைத்துப் போடுங்கள். 32 ஜிபி கார்டு ஒரு நாள் டீசல் காசுகூட ஆகாது.

அடுத்தது சிம்மில் பின். போனுக்குப் போடுகிற பின் இல்லை, சிம்முக்கே தனியாக உண்டு, அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் சிம் லாக் என்று இருக்கும். அது போட்டிருந்தால் உங்கள் சிம்மை வேறு போனில் செருகினவன் அங்கேயே நின்றிருப்பான். ஓடிபி ஏது, வாட்ஸ்அப் ஏது! ஆனால் கண்டபடி ஊகித்து அடிக்காதீர்கள். முதலில் போட்டிருக்கும் எண் என்ன என்று உங்கள் சிம் கம்பெனியில் கேட்டு, பிறகு மாற்றுங்கள். மூன்று தடவை தப்பினால், பூட்டிய சிம்மைத் திறக்கிற 8 இலக்க பக் எண் (PUK) கேட்கும், அதிலும் பத்துத் தடவை தப்பினால் சிம் செத்தது. இத்தனை வருடத்தில் சிம் பின் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இலவசமாகக் கிடைக்கிற பூட்டு, யாரும் சீண்டுவதில்லை.

வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்க பின் இருக்கிறது, அதைப் போடுங்கள். அது இருந்தால் ஓடிபி கிடைத்தவனும் அந்தப் பின் இல்லாமல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அப்படியே லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் ஒரு தடவை திறந்ததை மூட மறந்தால் அங்கேயே கிடக்கலாம்.

பேட்டர்ன் வேண்டாம் அண்ணே. ஒன்பது புள்ளியில் 3,89,112 விதமாகக் கோடு போடலாம் என்று கணக்கு இருக்கிறது, கேட்க நன்றாக இருக்கும். நம் ஆட்கள் போடுவது பெயரின் முதல் எழுத்து, இல்லையென்றால் ட. அதிலும் கிரீஸ் கையோடு இழுத்தால் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தாலே கோடு தெரியும். ஆறு இலக்க பின் வையுங்கள், வண்டி நம்பர் தவிர.

---

கம்பமெட்டு_ஜீப்

வண்டி நம்பரைத்தான் நினைத்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

குமுளி_செல்கடை

ஜீப்காரர் எல்லாரும் அதைத்தான் வைக்கிறீர்கள்.

---

உத்தமபாளையம்_டீச்சர்

திருத்த ஒன்றுமில்லை. இரண்டு சேர்க்கிறேன்.

மலைமேல் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. தோட்டத்துக்குள் பாதி இடத்தில் டவரே கிடையாது, ஓடிபி எஸ்எம்எஸ் மலை இறங்கிய பிறகு மொத்தமாக வந்து கொட்டும். ஜிமெயிலுக்கு ஓடிபி எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள். 30 வினாடிக்கு ஒருமுறை எண் மாறும், சிக்னலே வேண்டாம், சிம்மைத் திருடியவனுக்கும் கிடைக்காது. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க பிட்வார்டன் ஆப்போ கீபாஸ் ஆப்போ போதும், இரண்டும் இலவசம். வியாபாரி ஐயாவின் நோட்டை அப்படியே போனுக்குள் வைத்து, ஒரே ஒரு பெரிய சாவி போட்ட மாதிரி.

இன்னொன்று, தொலைந்தவுடன் செய்வது. சிம்மை அந்த மணி நேரமே நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணம் நடுவழியில் நிற்க வாய்ப்பு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையின்படி, தவறு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால் 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழாது. நாமே பின்னைச் சொல்லிவிட்டோம் என்றால், தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் பாடு. அந்த அக்கா தானே அனுப்பிய 1,500 இதில் வராது, அண்ணன் கொடுத்தது நல்லது.

போனையே முடக்க அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளம். 2023 மே முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது. காவல்துறைப் புகார் நகலும், போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணும் கேட்கும். எண் தெரியாதவர்கள் இப்போதே \*#06# அடித்து எழுதி வையுங்கள், போன் போன பிறகு அடிக்க முடியாது பாருங்கள். எல்லை தாண்டி விழுந்தது, எந்த மாநில ஸ்டேஷன் என்று ஒருவர் பந்தடிக்கப் பார்த்தால், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று இருக்கிறது, மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

---

சும்மா_வர்றேன்

மரியாதையாக எடுத்துச் சொன்னால் நடக்குமாக்கும்.

---

தோட்டக்காரி_மகள்

நடக்கும் நடக்காது அப்புறம். ஜீப் அண்ணே, இதில் எல்லாமே உங்கள் போனைப் பற்றித்தான் இருக்கிறது. அந்த 22 பேருக்குச் சொல்லிவிட்டீர்களா?

---

கம்பமெட்டு_ஜீப்

இன்னும் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜீப்புக்கு ஆள் குறைந்துவிடுமோ என்று பயமும் இருக்கிறது, உள்ளதைச் சொல்கிறேன்.

---

தோட்டக்காரி_மகள்

குறைந்தாலும் சொல்ல வேண்டியதுதான் அண்ணே. கார்டை உடைப்பது உங்கள் மனசு ஆறுவதற்கு. யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தால் உடைத்து என்ன? அவர்களுக்குத் தெரிந்தால்தான் நாளைக்கு ஏதாவது செய்தி வந்தால் உஷாராக இருப்பார்கள்.

அந்த நாலு பேரை மட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள். ஆதார் தளத்தில் யார் எப்போது எந்த வகையில் சரிபார்த்தார்கள் என்று கடந்த ஆறு மாத வரலாறு காட்டும். செவ்வாய்க்கிழமை வரிசையில் ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம். ஓடிபி உங்கள் நம்பருக்குத்தானே வரும். நானே கம்பம் வருகிறேன்.

---

குமுளி_செல்கடை

தங்கச்சி சொன்ன பிறகு நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பழுதுக்கு வாங்குகிற போனின் பில்லில் பேட்டர்னை வரைந்து வாங்குவோம், ஒன்பது புள்ளி அச்சடித்தே வைத்திருக்கிறோம். டிஸ்பிளே மாற்ற அது தேவையே இல்லை, டச் வேலை செய்கிறதா பார்க்கும் சோம்பலுக்காக வாங்குவது. சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது, போட்டுக் கொடுத்தால் உங்கள் படம் எதுவும் எனக்குத் தெரியாமல் நான் வேலையை முடிக்கலாம். இத்தனை நாள் நானாக யாருக்கும் அதைச் சொன்னதில்லை. பழைய பில் புத்தகம் மூன்று வருடத்துக்கானது மேசைக்கடியில் கிடக்கிறது. இன்றைக்கு அடுப்பில் போடுகிறேன்.

---

கம்பமெட்டு_ஜீப் (ஒன்பது நாள் கழித்து)

என்ன ஆயிற்று என்று சொல்ல வந்திருக்கிறேன்.

அதற்கடுத்த செவ்வாய் காலை ஜீப்பைக் கிளப்புவதற்கு முன்னாலேயே அக்காமாரிடம் சொல்லிவிட்டேன். மலை ஏறும்போது சொன்னால் இறங்க முடியாமல் கேட்டுக்கொண்டு வருவார்கள், அது நியாயமில்லை. இரண்டு பேர் திட்டினார்கள். ஒரு அக்கா அடுத்த நாளிலிருந்து வேறு ஜீப். வயதான அக்கா ஒன்று, "எம்படத்த எவன்டா பாக்கப்போறான்" என்றது. அதற்கு எல்லாரும் சிரித்ததில் கொஞ்சம் லேசாகியது.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்தது. நாலு அக்காவின் வரலாற்றையும் பார்த்தோம். அந்தத் திங்கள், செவ்வாய், புதனில் எதுவும் இல்லை, ரேஷன் கடையும் பேங்க் மிஷினும் மட்டும்தான் பழைய தேதிகளில். சஞ்சார் சாத்தியில் அவரவர் பெயரில் எத்தனை சிம் என்றும் பார்க்கலாம் என்று டீச்சர் தனியாகச் சொன்னார்கள். சொந்தமாக நம்பர் வைத்திருக்கிற அக்காக்களுக்குப் பார்த்தோம். ஒருவருக்குத் தெரியாத நம்பர் ஒன்று இருந்தது. என் போன் தொலைவதற்கு ரொம்ப முன்னால் வாங்கியதாக இருக்க வேண்டும். என்னுடையது இல்லை என்று அழுத்தியிருக்கிறோம். நாலு பேரையும் ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய் அவரவர் வீட்டு நம்பரை மாற்றச் சொல்லியாயிற்று. இரண்டு பேருக்கு முடிந்தது, இரண்டு பேருக்கு விரல் எடுக்கவில்லை, கண்ணை வைத்து எடுக்கலாம் என்று இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். கூலி ஒரு நாள் போகிறது, அதை நான் தருகிறேன்.

கார்டை உடைத்துவிட்டேன். சிம் பின் போட்டாயிற்று. கணக்கப்பிள்ளைக்கு இனி மறைத்த ஆதார்தான் என்று சொல்லிவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். எல்லாருடைய பாஸ்புக் எண்ணையும் வியாபாரி ஐயா சொன்ன மாதிரி நோட்டில் எழுதிவிட்டேன். போனில் ஒன்றும் இல்லை.

---

ஏலக்காய்_வியாபாரி

பார்த்தீர்களா, கடைசியில் நோட்டுக்குத்தான் வந்தார்கள்.

---

தோட்டக்காரி_மகள்

நோட்டு எங்கே இருக்கிறது அண்ணே?

---

கம்பமெட்டு_ஜீப்

ஜீப்பில்தான். டேஷ்போர்டுக்குள்.

---

தோட்டக்காரி_மகள்

அதற்குப் பூட்டு இருக்கிறதா?

---

கம்பமெட்டு_ஜீப்

பூட்டு இருக்கிறது தங்கச்சி. சாவி தொலைந்துதான் நாலு வருடமாயிற்று. இரு, எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.